காரணம் தெரியாத நோய்க்கு மெட்ராஸின் பெயர்

ஊர்ப்பெயரைச் சுமக்கும் நோய்கள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கண் சிவந்து பீளை கட்டினால் ‘மெட்ராஸ் ஐ’ என்கிறார்கள். காலில் புண் புரையோடி, அதிலிருந்து குருணை குருணையாக வெளிவரும் நோயொன்றை 1842இல் மதுரை மருந்தகத்தில் இருந்த ஜான் கில் என்ற மருத்துவர் பதிவு செய்தார். பிற்பாடு சூடானில் அது வந்தாலும் ‘மதுரா கால்’தான். இந்த இரண்டையும் கேள்விப்பட்டவர்கள் உண்டு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நரம்பியல் படித்தவர்களைத் தவிர மற்றவர்கள் அதை அவ்வளவாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்: ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’. 1996இல் நகரத்தின் பெயர் சென்னை என்று மாறியது. நோயின் பெயரை யாரும் மாற்றவில்லை.

அது வரும் வயதுதான் அதன் பெரிய கொடுமை. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். முப்பதைத் தாண்டித் தொடங்குவது அபூர்வம். பள்ளியிறுதித் தேர்வு, கல்லூரி, முதல் வேலை, கல்யாணப் பேச்சு என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கிற பருவம். முதலில் ஒரு கை மக்கர் பண்ணும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை வற்றி அங்கே குழி விழும். சட்டைப் பொத்தானைத் துளைக்குள் தள்ள முடியாது. பூட்டில் சாவி திரும்பாது. சோற்றைப் பிசைந்துவிடலாம், உருட்டி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் விரலிடுக்கில் சிந்திவிடும். பிறகு மற்றக் கை, கால். சிலருக்கு முகத்தசைகளும் தளரும். வாய் கொப்பளித்தால் கடைவாய் வழியே தண்ணீர் ஒழுகும். சாப்பிட்ட சோறு கன்னத்துக்குள் ஒதுங்கித் தங்கும். விசிலடிக்க உதடு குவியாது. நாக்கு சூம்பி, பேச்சு மூக்கால் வரத் தொடங்கும். இத்தனைக்கும் நடுவில் காது மந்தமாகும். கை கால் சூம்புகிற நோய்க்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இந்த நோயின் மையப் புதிர்.

ஆனால் ஊசியால் குத்தினால் வலிக்கும். சூடு தெரியும், குளிர் தெரியும். புத்தியில் ஒரு குறையும் இருக்காது. காதைத் தவிர்த்துப் பார்த்தால், உணர்ச்சி நரம்புகளை விட்டுவிட்டு, தசைகளை இயக்குகிற நரம்பணுக்களை மட்டும் பொறுக்கியெடுத்து அழிக்கும் நோய் இது.

உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்ற இந்த ஒரு பரிசோதனைக்குத் தமிழ்நாட்டில் தனி முக்கியத்துவம் உண்டு. ஐம்பது, அறுபதுகளில் விரல் மடங்கிச் சதை வற்றிய கையோடு ஓர் இளைஞர் தெருவில் நடந்தால், பார்ப்பவர்கள் மனத்தில் முதலில் எழுவது தொழுநோய் என்ற பயம்தான். தொழுநோய் அப்போது தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது. செங்கல்பட்டில் அதற்கென்று தனி மருத்துவமனை இருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளை நாற்பதுகளின் இறுதியிலேயே தொடங்கியிருந்தார். ஆகவே சூம்பிய கையைக் கண்ட மருத்துவரும் முதலில் தேடுவது அதைத்தான்: தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா, முழங்கையருகே நரம்பு தடித்திருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் இளம்பிள்ளைவாதம். ஆனால் இளம்பிள்ளைவாதம் காய்ச்சலோடு வந்து ஒரே வீச்சில் முடக்கிப் போட்டுவிட்டுப் போய்விடும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வராது. அதுவும் இல்லையென்றால் பிறகு என்ன? அந்த ‘பிறகு’ என்ற இடத்தில்தான் பல குடும்பங்கள் குலதெய்வத்துக்கும் மந்திரவாதிக்கும் எண்ணெய் வைத்தியருக்கும் நடுவே அலைந்தன. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எதுவுமில்லை. ஆங்கில மருத்துவத்திடமும் அன்று பதில் இருக்கவில்லை.

உலக மருத்துவம் அறிந்திருந்த மோட்டார் நியூரான் நோய் வேறு மாதிரியானது. பாரிஸில் சால்பெட்ரியே மருத்துவமனையில் இருந்த ழான் மார்ட்டின் ஷார்க்கோ 1860களிலும் 70களிலும் அதை விவரித்து ‘ஏ.எல்.எஸ்.’ என்று சுருக்கமாக இன்று அழைக்கப்படும் பெயரைக் கொடுத்தார். நடுவயது தாண்டியவர்களைப் பிடிக்கும். தொடங்கிய இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளில் பெரும்பாலோரை முடித்துவிடும். அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் லூ கெரிக்குக்கு 1939 ஜூன் 19 அன்று, அவருடைய முப்பத்தாறாம் பிறந்தநாளில், மேயோ மருத்துவமனை இந்த நோய் என்று சொன்னது. 1941 ஜூன் 2 அன்று அவர் இறந்துபோனார். இளம் வயதில் வந்ததற்கு உலகம் அறிந்த உதாரணம் ஸ்டீபன் ஹாக்கிங். 1963இல், இருபத்தொரு வயதில், இன்னும் இரண்டு ஆண்டுகள்தான் என்று கெடு வைத்தார்கள். அவர் 2018 வரை வாழ்ந்தார். ஹாக்கிங்கை மருத்துவ உலகம் கடைசிவரை ஒரு விதிவிலக்காகவே பார்த்தது.

ஹாக்கிங்குக்குக் கெடு வைத்த அந்த அறுபதுகளில், சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஜி.எச்.சில், விதிவிலக்குகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அரசுப் பொது மருத்துவமனையில் அவர்களைப் பார்க்க ஒரு துறை இருந்தது என்பதே அன்றைய இந்தியாவில் பெரிய விஷயம். நாட்டில் நரம்பியலுக்கென்று துறைகள் முளைத்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1950 அக்டோபரில், சீர்காழியில் பிறந்து இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்த பி. ராமமூர்த்தி சென்னை ஜி.எச்.சில் அதையே செய்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. சாண்டி, ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் என்று நான்கே பேர் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கினார்கள். சங்கத்தின் இதழான ‘நியூராலஜி இந்தியா’ 1953இல் வரத் தொடங்கியது. ராமமூர்த்தி பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றுக்கு ‘வழியெல்லாம் மேட்டுப் பாதைதான்’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலத் தலைப்பை வைத்தார். தொடக்க ஆண்டுகளை அறிந்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியாது. ஸ்கேன் என்ற சொல்லே இல்லாத காலம். நோயாளியை உட்காரவைத்து, கதையைக் கேட்டு, சுத்தியலால் முட்டியைத் தட்டி, நாக்கை நீட்டச் சொல்லி, விரலை மடக்கச் சொல்லி, எந்த இடத்தில் கோளாறு என்று தலைக்குள் வரைபடம் போட்டாக வேண்டும்.

அப்படி உட்காரவைத்துக் கதை கேட்டதில்தான் விஷயம் பிடிபட்டது. பாடப்புத்தகம் சொல்லும் மோட்டார் நியூரான் நோய் என்றால், பத்து வருடமாகக் கை சூம்பிக்கொண்டிருக்கும் ஒருவர் ஓ.பி. சீட்டோடு தானாக நடந்துவந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியாது. இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து வயதில் தொடங்கியது, இப்போது இருபத்தைந்து என்றார்கள். காது கேட்பதும் அப்போதிருந்தே குறைந்துவிட்டது என்றார்கள். ஒருவர், இருவர் என்றால் தற்செயல் எனலாம். ஒரே மாதிரிக் கதை திரும்பத் திரும்ப வந்தபோது அது தனி இனம் என்று ஜி.எச். மருத்துவர்களுக்குத் தோன்றியது.

இ. மீனாட்சிசுந்தரம், கே. ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி மூவரும் 1970இல் ‘நியூராலஜி இந்தியா’வின் சிறப்பு இணைப்பில், சென்னையில் இளம் வயதினரிடம் காணப்படும் மோட்டார் நியூரான் நோயின் போக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நான்கே பக்கம். இளம் வயதில் தொடக்கம், கை கால் சூம்பல், முகத்திலும் தொண்டையிலும் தளர்ச்சி, சிலருக்குச் செவித்திறன் குறைவு, மெதுவான போக்கு. காரணம் இதுதான் என்று அவர்கள் எதையும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. வருகிறவர்களைக் கவனித்ததை அப்படியே எழுதினார்கள், அவ்வளவுதான். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்தக் கட்டுரை மேற்கோள் காட்டப்படுகிறது. பெரிய கருவிகளோடு பெரிய பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட எத்தனையோ கட்டுரைகளுக்கு அந்த ஆயுள் கிடைக்கவில்லை.

1973இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம், கார்டிஃப் நகர நரம்பியலாளர் ஜே.டி. ஸ்பில்லேனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, வெப்பமண்டல நாடுகளின் நரம்பு நோய்கள் பற்றி ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதில் இளையோரின் மோட்டார் நியூரான் நோய் பற்றி ஜெகந்நாதன் எழுதினார். சென்னையின் அவதானிப்பு வெளிநாட்டு அலமாரிகளுக்குப் போனது இப்படித்தான். 1975இல் செய்யது, வேல்முருகேந்திரன், அர்ஜுன்தாஸ் முதலானோர் தென்னிந்தியாவில் காணப்படும் இதுபோன்ற தண்டுவட நோய்களைத் தொகுத்து ஒரு பன்னாட்டு இதழில் எழுதினார்கள். எண்பதுகளில் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதைக் கையில் எடுத்துக்கொண்டது. அங்கே எம். கௌரி தேவி 1988இல் பிரிட்டனின் முன்னணி நரம்பியல் இதழில் ‘தென்னிந்தியாவில் மெட்ராஸ் பாணி’ என்ற பொருளில் எழுதியபோது, பெயர் நிலைத்துவிட்டது. தமிழ்நாடு மட்டுமல்ல, கர்நாடகம், ஆந்திரம், கேரளம் என்று நான்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் இருந்தார்கள். முதலில் கவனித்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது.

எவ்வளவு அபூர்வம்? 2008இல் ஏ. நளினி தலைமையில் நிம்ஹான்ஸ் குழு வெளியிட்ட ஆய்வே இதுவரை வந்ததில் பெரியது. 1971 முதல் 2007 வரை அந்த மருத்துவமனைக்கு வந்த எல்லா மெட்ராஸ் வகை நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்ததில் 116 பேர். நாடெங்கிலுமிருந்து நரம்பு நோயாளிகள் குவிகிற இடத்திலேயே ஆண்டுக்கு மூன்று பேர் என்ற கணக்கு. ஆனால் அந்த ஆய்வின் சாரம் எண்ணிக்கையில் இல்லை. நோய் தொடங்கிய பிறகு இவர்கள் எத்தனை காலம் வாழ்கிறார்கள் என்று அதில் பார்த்தார்கள். ஏ.எல்.எஸ். நோயாளிக்கு ஆண்டுகளை விரல்விட்டு எண்ணலாம். இவர்களுக்குப் பத்துப் பத்து ஆண்டுகளாக எண்ண வேண்டியிருந்தது.

மெட்ராஸ் என்ற பெயரால் நோயாளிக்குக் கிடைத்த லாபம் இதுதான். பிள்ளையைக் கூட்டிவந்த தாய் எந்த ஊரிலும் முதலில் கேட்பது, “இது எதனால வந்தது, டாக்டர்?” என்றல்ல. “புள்ள பொழைச்சுக்குவானா?” என்றுதான். முதல் கேள்விக்கு 1970இலும் விடையில்லை, இன்றும் இல்லை. இரண்டாவது கேள்விக்கு 1970இலிருந்து விடை இருக்கிறது. மோட்டார் நியூரான் நோய் என்று சீட்டில் எழுதிவிட்டு, நாலு வருடம் என்று கணக்குச் சொல்லி அனுப்பியிருந்தால், பதினேழு வயதுப் பையன் படிப்பை நிறுத்தியிருப்பான். நிலத்தை விற்றாவது எங்கெங்கோ கொண்டுபோயிருப்பார்கள். இது அந்த வகையல்ல, இன்னும் நெடுங்காலம் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த மருத்துவர், காரணம் தெரியாமலேயே ஒரு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தவர். நோயின் காரணத்தைக் கண்டவர்களைத்தான் மருத்துவ வரலாறு கொண்டாடுகிறது. போக்கைக் கண்டுசொன்னவர்கள் கொஞ்சம் ஓரமாக நிற்கிறார்கள். அந்த ஓரத்தில் ஜி.எச். மருத்துவர்களுக்கு ஒரு நல்ல இடம் உண்டு.

காரணத்தைத் தேடாமலும் இல்லை. 1973லேயே வால்மீகிநாதன் முதலானோர் சென்னை நோயாளிகளின் உடல் வேதியியலை ஆராய்ந்து எழுதினார்கள். பெரும்பாலான நோயாளிகளின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இல்லை. சில குடும்பங்களில் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தது. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டுகிற நிலத்தில் பரம்பரையைச் சந்தேகிப்பது இயல்பு. ஆனால் அது மட்டுமே எல்லாவற்றையும் விளக்கவில்லை. 2000இல் நிம்ஹான்ஸின் எஸ்.கே. சங்கர் குழு, இறந்துபோன நோயாளி ஒருவரின் தண்டுவடத்தையும் மூளையையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதியது. தசைகளை இயக்கும் அணுக்கள் அழிந்திருந்தன. கேட்கும் நரம்பும் சேதமடைந்திருந்தது. என்ன நடந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஏன் என்பது தெரியவில்லை.

2010இல் கதவு திறந்துவிட்டது போலத் தோன்றியது. பிரௌன், வியாலெட்டோ, வான் லேர் என்ற மூன்று மருத்துவர்களின் பெயரால் வழங்கும் இன்னொரு அபூர்வ நோய் இருக்கிறது. 1894இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதிலும் காது போகும், முகமும் தொண்டையும் தளரும், கை கால் சூம்பும். மெட்ராஸ் நோய்க்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. அந்த நோய் உள்ளவர்களுக்கு ஒரு மரபணுவில் பழுது இருப்பதை 2010இல் கண்டுபிடித்தார்கள். ரைபோஃப்ளேவினை, அதாவது பி2 வைட்டமினை, உயிரணுக்களுக்குள் கொண்டுசெல்லும் வேலையை அந்த மரபணு செய்கிறது. உடனே நடந்ததுதான் ஆச்சரியம்: அந்த வைட்டமினை அதிக அளவில் கொடுத்தபோது குழந்தைகள் பலர் தேறினார்கள். சாகடிக்கும் நோய்க்கு, மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் மாத்திரையில் மருந்து!

மெட்ராஸ் நோயும் இதுவாகவே இருக்கக் கூடாதா? அப்படி இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கே முடிந்திருக்கும். நளினியும் லண்டனின் ஹென்றி ஹோல்டன் முதலானோரும் மெட்ராஸ் நோயாளிகளின் மரபணுக்களைப் பரிசோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ரைபோஃப்ளேவின் மரபணுப் பழுது அவர்களிடம் இல்லை. இது தனி நோய். 1970இல் கண்ணாலும் காதாலும் எட்டிய முடிவை மரபணுவும் வழிமொழிந்தது. பாராட்டு ஒரு பக்கம். அந்த வைட்டமினை எதிர்பார்த்தவர்களுக்கு அது ஆறுதல் ஆகாது.

இதோடு ஒப்பிட, காரணம் பிடிபட்ட ஒரு கதையும் இருக்கிறது. அதன் ஊர் ஜப்பான்.

1959இல் கெய்ஸோ ஹிராயாமாவும் அவருடைய சகாக்களும், ஒரு கை மட்டும் சூம்புகிற இளைஞர்களைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலும் ஆண்கள், பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்குள் தொடக்கம். முன்கையும் உள்ளங்கையும் வற்றும். ஆனால் முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் தசை மட்டும் தப்பித்து, சூம்பலுக்குக் குறுக்கே சாய்கோடு போட்டதுபோல் நிற்கும். குளிர்ந்தால் விரல்கள் மேலும் விறைத்துச் செயலிழக்கும். ஜப்பானின் பனிக்காலத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. நம்மூரில் ஐஸ் தண்ணீரில் கை வைத்தாலோ ஏ.சி. அறையில் தேர்வெழுத உட்கார்ந்தாலோ தெரியும். விசித்திரம் என்னவென்றால், சில ஆண்டுகளில் நோய் தானாகவே நின்றுவிடும். போன சதை திரும்பாது, ஆனால் மேற்கொண்டு போகாது. முற்றிக்கொண்டே போவதுதானே மோட்டார் நியூரான் நோய். நின்றுவிடுகிற ஒன்றை எப்படி அதில் சேர்ப்பது என்று ஹிராயாமா கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தது. இந்த நோயால் யாரும் சாவதில்லை. ஆகவே பிணப் பரிசோதனைக்கு வழியில்லை.

கடைசியில் 1982இல் ஒரு வாய்ப்பு வந்தது. பதினைந்து வயதில் கை சூம்பத் தொடங்கிய ஒருவர், முப்பத்தெட்டு வயதில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய கழுத்துத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி முன்னும் பின்னும் அழுங்கித் தட்டையாகிக் கிடந்தது. ஒரு நரம்பணு நோய் அப்படி நசுக்காது. எதுவோ அழுத்தியிருக்க வேண்டும். கழுத்து குனிந்த நிலையில் படமெடுத்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறை, குனியும்போது முன்னால் நகர்ந்து தண்டுவடத்தை முதுகெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. நிமிர்ந்தால் விட்டுவிடுகிறது. விடலைப் பருவத்தில் முதுகெலும்பு மளமளவென்று வளரும்போது உறை அதே வேகத்தில் நீளாததால் இப்படி ஆகலாம் என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். வளர்ச்சி நின்றதும் நோயும் ஏன் நிற்கிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. சிகிச்சை? கழுத்துப்பட்டை. தலை குனியாதபடி சில ஆண்டுகள் அணிந்தால், தொடக்கத்திலேயே பிடிபட்டவர்களுக்கு மேற்கொண்டு சூம்பாமல் தடுக்கலாம். ‘தலை குனியாதே’ என்பதை ஒரு மருத்துவர் மருந்துச்சீட்டில் எழுதுகிற நோய் உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்தியாவிலும் இந்த மாதிரி நோயாளிகள் நிறைய இருந்தார்கள். 1984இல் நிம்ஹான்ஸிலிருந்து கௌரி தேவி குழு, ஒரே கையோ ஒரே காலோ மட்டும் சூம்பிய 23 பேரைப் பற்றி அமெரிக்க இதழொன்றில் எழுதியது. மெட்ராஸ் நோயும் ஹிராயாமா நோயும் வெவ்வேறு. ஆனால் ஓ.பி. பெஞ்சில் வந்து உட்காரும்போது இரண்டும் ஒரே முகத்தோடுதான் வரும்: மீசை அரும்புகிற வயது, மெலிந்த கை, பக்கத்தில் கலங்கிய முகத்தோடு அப்பா.

பெயர் தெரிந்த பிறகும் வாழ்ந்தாக வேண்டும். நோய் மெதுவாகப் போகிறது என்பதற்கு, அதோடு நாற்பது வருடம் குடித்தனம் நடத்த வேண்டும் என்றும் பொருள். உடனே கொல்லாத நோய்க்கு அனுதாபம் சீக்கிரமே தீர்ந்துவிடும். முகத்தசை தளர்ந்தவரால் சட்டென்று சிரிக்க முடியாது. தெரியாதவர்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள். காது மந்தமும் மூக்கால் வரும் பேச்சும் சேர்ந்துவிட்டால், நேர்முகத் தேர்வில் அறிவுக்கு மதிப்பெண் விழாது. கல்யாணச் சந்தையில் நிலைமை இன்னும் மோசம். அண்ணனுக்குக் கை சூம்பியிருந்தால் தங்கைக்கு வரன் தள்ளிப்போகும் வீடுகள் இருக்கின்றன. அதனால்தான் எத்தனையோ பேர் முழுக்கைச் சட்டைக்கு மாறி, கையைப் பையில் விட்டுக்கொண்டு, பந்தியில் உட்காருவதைத் தவிர்த்து, ஸ்பூன் கேட்டால் கிண்டல் செய்வார்களோ என்று வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி நாள்களைத் தள்ளுகிறார்கள். பழகிய கையை விட்டு மறுகைக்கு எழுத்தைப் பழக்குவது, பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை வைத்துத் தைப்பது, பேனாவில் ரப்பர் சுற்றித் தடிமனாக்குவது, காது கருவியைத் தயங்காமல் மாட்டிக்கொள்வது: பிழைப்பு இப்படிச் சில்லறை உத்திகளால் ஓடுகிறது.

சட்டம் வெகுநாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைத்தான் அங்கீகரித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, நாள்பட்ட நரம்பியல் நோய்களையும் அதில் சேர்த்தது. அதன் வீச்சு எவ்வளவு என்பதை ஒரு வழக்கு காட்டியது. எழுதும்போது மட்டும் கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு உள்ள இளம் மருத்துவர் ஒருவர், குடிமைப் பணித் தேர்வுக்குத் தன் சார்பில் எழுத ஆள் வேண்டும் என்றார். நாற்பது சதவீத ஊனச் சான்றிதழ் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுத ஆள் கேட்பதற்கு அந்த நாற்பது சதவீத வரம்பு தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. கை சூம்பிய ஒவ்வொரு மாணவருக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும். எத்தனை தேர்வு மையங்களுக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்.

அதே ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு அபூர்வ நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதன்கீழ் நிதியுதவி இப்போது 50 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அந்தக் கொள்கை நோய்களை மூன்று குழுக்களாகப் பிரிப்பதே சிகிச்சையை வைத்துத்தான்: ஒருமுறை செய்தால் தீரும் சிகிச்சை உள்ளவை, ஆயுள் முழுக்கக் குறைந்த செலவில் சிகிச்சை தேவைப்படுபவை, விலையுயர்ந்த சிகிச்சை உள்ளவை. சிகிச்சையே இல்லாத நோய்க்கு இதில் இடம் எது? மருந்து இல்லாதவருக்கும் காது கருவி வேண்டும், விழுங்கப் பயிற்சி வேண்டும், கைக்குத் தாங்கு கருவி வேண்டும், மனம் விட்டுப் பேச ஓர் ஆலோசகர் வேண்டும். மெட்ராஸ் என்று உலகப் பாடப்புத்தகத்தில் பெயர் வாங்கிய ஊர், அந்த நோயாளிகளுக்கென்று ஒரு பதிவேட்டையாவது முறையாக நடத்துவது நியாயம். நோய் எங்கே, யாருக்கு, எந்தக் குடும்பத்தில் என்ற விவரம் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்குப் பிடிமானம் கிடைக்கும்.

வாசகர்களில் யாருடைய வீட்டிலாவது பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் ஒருவருக்குக் கை மெலிந்து வந்தால், டானிக் வாங்கிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். நரம்பியல் மருத்துவரிடம் போகட்டும். எம்.ஆர்.ஐ. எடுப்பதாக இருந்தால், கழுத்து குனிந்த நிலையிலும் எடுக்க வேண்டுமா என்று கேட்கட்டும். நிமிர்ந்த நிலையில் மட்டும் எடுத்த படத்தில் ஹிராயாமா நோய் தப்பிவிடக்கூடும். காதில் குறையில்லை என்று தோன்றினாலும் ஒருமுறை செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளட்டும். காதும் கையும் சேர்ந்து பழுதாகியிருந்தால் ரைபோஃப்ளேவின் பற்றியும் மரபணுப் பரிசோதனை பற்றியும் கேட்பதில் தவறில்லை. ரைபோஃப்ளேவின் மரபணுப் பழுதால் வரும் அந்த ஒரு நோய்க்கு மருந்து இருக்கிறது, தாமதமானால் பலன் குறையும்.